பித்தமாம், பித்தம்!

கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வழக்கமான மொக்கையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பக்கமாகப் போய் எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எழுதியிருப்பதை மட்டுமாவது படித்து விட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியம். கிருஷ்ணன்கோவிலில் இருந்து வத்திராயிருப்பு போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வரும். சேலை நெய்கிற ஊர். எங்கள் ஊரில் மொத்தம் நான்கே வியாதிகள்தான் உண்டு. பித்தம், சூடு, கேஸ், கண்ணு பட்டது. மற்றதெல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் போனால்தான் வரும், மதுரை போனால் பெரிசாகும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் நம்புகிறார்கள். இந்த நான்கில் முதல் மரியாதை பித்தத்துக்குத்தான். குதிகால் வெடித்தால் பித்த வெடிப்பு. இருபது வயதில் முடி நரைத்தால் பித்த நரை. தலை சுற்றினால் பித்த மயக்கம். வயிற்றைப் புரட்டினால் கேட்கவே வேண்டாம்.

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் பார்க்கப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். "வயித்தப் பெரட்டுது தாயி, நீ போயிட்டு வா" என்றார். வருஷம் தவறாமல் தேருக்குப் போகிறவர். நான் ஒன்றும் யோசிக்கவில்லை. தேரைப் பார்த்து விட்டு, பால்கோவா வாங்கிக் கொண்டு வந்தேன். அதையும் அவர் வாயில் வைக்கவில்லை. "பித்தமா இருக்கும்க்கா, வெறும் வயித்துல இஞ்சிச் சாறு குடி" என்றார் அம்மா. "வேளாவேளைக்குச் சாப்பிடாம டீயா குடிச்சா பித்தம் ஏறத்தான செய்யும்" என்றார் பெரியப்பா. பக்கத்து வீட்டு மதினி மிளகாய், உப்பு எல்லாம் எடுத்து வந்து சுத்திப் போட்டு விட்டுப் போனார்.

பெரியம்மாவுக்கு வயது 51. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். குழித்தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பும் முழங்காலும் போய் விட்டது. அதற்கு மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை தினம் ஒன்று, வேலை ஜாஸ்தி என்றால் இரண்டு. எத்தனை வருஷமாகப் போடுகிறார் என்று அவருக்கே தெரியாது.

ஆவணியில் உடம்பெல்லாம் அரிப்பு. சூடு என்றோம். விளக்கெண்ணெய் தேய்த்துக் குளித்தார். கால் வீங்கியது. நாள் பூரா தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டால் வீங்காதா என்றோம். பகலிலேயே உட்கார்ந்தபடி தூங்கினார். வயசாகுது என்றோம். விக்கல் வந்தால் யாரோ நினைக்கிறார்கள் என்றோம் (சிரித்துக் கொண்டே சொன்னோம், அதுதான் இப்போது தாங்க முடியவில்லை). புரட்டாசியில் வீட்டில் கறி எடுப்பதில்லை. அதனால் கறி வாசனையே அவருக்கு ஆகாமல் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. தீபாவளிக்கு ஆட்டுக்கறி கொதிக்கும்போது அவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக் கொண்டு தெருத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கும் நாங்கள் சொன்னது, பித்தம்.

இந்த மூன்று மாதத்தில் மெடிக்கலுக்குப் போய் "வாந்தி வர்ற மாதிரி இருக்காம் அண்ணாச்சி" என்று சொல்லி மாத்திரை அட்டை வாங்கி வந்தது யார் தெரியுமா? நான்தான். மூன்று முறை. நியூட்டன் விதியில் இருந்து நெட்வொர்க் வரைக்கும் படிக்கிற நான்.

தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால்தான் கொஞ்சம் விடுகிறது. 108-க்கு போன் செய்தோம். ரத்தத்தில் கிரியேட்டினின் 11.4 என்று வந்தது. பெண்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய எண் அது. இரண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்று விட்டன. கழுத்தில் குழாய் போட்டு அன்றைக்கே டயாலிசிஸ்.

அங்கே டியூட்டியில் இருந்த டாக்டர், எங்களை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தன நாளா இந்தக் குமட்டல் இருக்கு?" அம்மா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் யாரும் எண்ணவே இல்லை. பித்தம் என்று பெயர் வைத்த பிறகு எதற்கு எண்ண வேண்டும்?

என் கோபம் இந்தச் சொல்லின் மேல்தான். சித்த மருத்துவத்தின் மேல் இல்லை, சண்டைக்கு வராதீர்கள். வாதம், பித்தம், கபம் என்று பிரித்த சித்த வைத்தியர், நாடி பிடித்துப் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், மலம் மூத்திரம் எப்படிப் போகிறது என்று கேட்பார், எத்தனை நாளாக என்று நிச்சயம் கேட்பார். அவருக்குப் பித்தம் என்பது விசாரணையின் தொடக்கம். நமக்கோ அது விசாரணையின் முடிவு. நாம் செய்வது சித்தமும் இல்லை, அலோபதியும் இல்லை, சோம்பேறித்தனம்.

கொஞ்சம் படித்துப் பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். குமட்டல் வயிற்றில் உண்டாவது என்று நினைக்கிறோம். உண்மையில் அதை உண்டாக்குவது மூளை. மூளையின் அடிப்பகுதியில் ரத்தத்தை ருசி பார்க்கிற மாதிரி ஒரு சின்ன இடம் இருக்கிறது. ரத்தத்தில் விஷம் கலந்தால் அது கண்டுபிடித்து வாந்தி மணியை அடிக்கும். அதே மணிக்கு இன்னும் பல கயிறுகள் உண்டு. இரைப்பையில் இருந்தும் குடலில் இருந்தும் ஒரு நரம்பு வருகிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பில் இருந்து ஒரு கயிறு (பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்தால் வருவது இதனால்தான்). பயம், நாற்றம், நினைவு இதெல்லாம் மேல் மூளையில் இருந்து இழுக்கிற கயிறு. எந்தக் கயிற்றை யார் இழுத்தாலும் மணிச் சத்தம் ஒன்றுதான். கர்ப்பமாக இருந்தாலும், கிட்னி போனாலும், பரீட்சைக்குப் பயந்தாலும், மாரடைப்பு வந்தாலும் மனுஷனுக்குத் தெரிவது ஒரே புரட்டல். கிட்னி கழிவை வெளியேற்றாத போது அந்தக் கழிவு ரத்தத்தில் சேர்கிறது, மூளை மணி அடிக்கிறது. பெரியம்மாவின் வயிறு பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் மூன்று மாதம் அதற்கு இஞ்சி கொடுத்துக் கொண்டிருந்தோம்.

இஞ்சியைக் கேலி செய்யவில்லை. மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சி ஓரளவு கேட்கிறது என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. ஆனால் மணி அடிப்பது எதற்காக என்று பார்க்காமல் மணியின் நாக்கில் துணி சுற்றுவதுதான் நாம் செய்வது.

இன்னொரு கூத்து. வாந்தி பச்சையாகவோ மஞ்சளாகவோ கசப்பாக வந்தால் நம் வீடுகளில் ஒரு நிம்மதி பரவும். "பித்தம் பூரா வெளிய வந்துருச்சு, இனிமே சரியாயிரும்." அது பித்தநீர்தான், பொய்யில்லை. கல்லீரல் சுரப்பது, கொழுப்பைச் செரிக்க உதவுவது, எல்லோருக்கும் தினமும் ஊறுவது. வெறும் வயிற்றில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் வேறு எதுவும் இல்லாததால் அது மேலே வரும். அது கெட்டதும் இல்லை, வெளியேறியதால் உடம்பு சுத்தமும் ஆகாது. ஆனால் பச்சை வாந்தி திரும்பத் திரும்ப வந்து, வயிறு உப்பி, வலித்து, காற்றும் மலமும் போகாமல் நின்று விட்டால் குடல் அடைத்திருக்கலாம். அதற்கு ஆபரேஷன் தேவைப்படலாம். கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். நிம்மதி அடைய வேண்டிய நிறம் அல்ல அது.

அடுத்து மெடிக்கல். அண்ணாச்சியைக் குறை சொன்னால் அவர் என்ன செய்வார், கேட்டதைக் கொடுக்கிறார். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. அதை நான் முதல் முறையாகப் படித்தது பெரியம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த போது. நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று போகிறவற்றில் பாதி, அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோலும் வாந்தியை அடக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்தது. டோம்பெரிடோன் சிலருக்கு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும் என்று 2014-ல் ஐரோப்பிய மருந்து முகமை கட்டுப்பாடு போட்டது. பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போடக் கூடாது என்றது. நாம் அதை மாதக்கணக்கில் காபி மாதிரி காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோம். ரேனிடிடின் கதையும் அப்படித்தான். எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்த மாத்திரை. புற்றுநோயை உண்டாக்கக் கூடிய ஒரு மாசு அதில் இருக்கிறது என்று 2020-ல் அமெரிக்காவில் சந்தையை விட்டே எடுக்கச் சொன்னார்கள். 2022-ல் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் அது நீக்கப்பட்டது. எங்கள் தெருவில் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

வலி மாத்திரை இதை விட மோசம். இரைப்பையைப் புண்ணாக்கிக் குமட்டலைக் கொடுக்கும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். ஆக, வலிக்கு ஒரு மாத்திரை, அது கொடுத்த குமட்டலுக்கு இன்னொரு மாத்திரை. இது தனி மனிதர் தப்பு மட்டும் இல்லை. 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை பார்க்கும் சுமார் நூறு பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் லீவு கிடையாது, மேற்பார்வையாளர் பெயர் இல்லாத ஒரு மாத்திரையைக் கொடுப்பார், போட்டு விட்டு மெஷினில் உட்கார வேண்டும். என்ன மாத்திரை, என்ன பக்கவிளைவு என்று யாரும் சொன்னதில்லை. தறியில் உட்காருகிறவருக்கு மேற்பார்வையாளர் கூட வேண்டாம். தீபாவளி நெருங்கினால் தானே தனக்குக் கொடுத்துக் கொள்வார். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போச்சு. பெரியம்மா ஏன் போகவில்லை என்பதற்கு இதுதான் பாதிக் காரணம், மீதிப் பாதி நாங்கள்.

சரி, டாக்டர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், நானும் கேட்கிறேன். ஒரு நிமிஷத்தில் நாக்கை நீட்டச் சொல்லி, "கேஸ்டிரிக் பிராப்ளம்" என்று எழுதி, ஊசி போட்டு அனுப்புகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்? அது பித்தம் என்ற சொல்லுக்கு இங்கிலீஷ் சட்டை மாட்டியதுதான். வயிற்றுப் புண்ணுக்கு டென்ஷனும் காரமும்தான் காரணம் என்று உலகத்து டாக்டர்களே ரொம்ப காலம் சொல்லிக் கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், இல்லை, ஒரு பாக்டீரியா இருக்கிறது என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தை மடக்கென்று தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, இரைப்பை அழற்சி எல்லாம் வந்தது. 2005-ல் நோபல் பரிசும் வந்தது. இன்றைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறதா என்று சோதித்து, குறிப்பிட்ட நாள் ஆண்டிபயாடிக் கொடுத்துப் பலரைக் குணப்படுத்துகிறார்கள். வருஷக்கணக்கில் 'அல்சர்' என்று ஜெலுசில் குடிக்கிற மாமாக்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தச் சோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.

பெண்களுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. கல்யாணமான பெண் வாயைப் பொத்தினால் "என்ன, விசேஷமா?" கல்யாணமாகாத பெண் வாயைப் பொத்தினாலும் அதே கேள்வி, வேறு குரலில். என் கூடப் படிக்கும் ஒருத்தி விடுதியில் பத்து நாள் சாப்பிட முடியாமல் புரட்டிக் கொண்டே இருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் மெஸ்ஸில் ஒருத்தி அடித்த அந்த ஜோக்குக்கு எல்லாரும் சிரித்தோம், அதனால். பத்தாவது நாள் அவள் கண் மஞ்சளாக இருந்ததை நாங்கள் பார்த்தோம். மஞ்சள் காமாலை. தண்ணீரால் பரவும் ஏ வகை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது, ஓய்வில் சரியாகி விட்டாள். "கீழாநெல்லி குடுத்திருந்தா போதுமே" என்று ஊரில் சொன்னார்களாம். ஏ வகை பெரும்பாலும் தானாகவே சரியாகும், கீழாநெல்லி பெயர் வாங்கிக் கொள்ளும். பி வகையாக இருந்தால் சிலருக்குப் பல வருஷம் உள்ளேயே தங்கிக் கல்லீரலைத் தின்னும். எந்த வகை என்று ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும், கண்ணின் மஞ்சளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நிஜமாகவே விசேஷமாக இருந்தாலும் நம் பதில் யோக்கியமாக இல்லை. "எல்லாரும் பெத்துக்கலையா, உனக்கு மட்டும் என்ன." மார்லீனா ஃபெய்ஸோ என்று அமெரிக்காவில் ஒரு மரபியல் ஆய்வாளர். 1999-ல் கர்ப்பமாக இருந்த போது ஒரு வாய் தண்ணீர் கூட உள்ளே நிற்காத அளவுக்கு வாந்தி. கவனத்தை ஈர்ப்பதற்காக மிகைப்படுத்துகிறார் என்று அவருடைய மருத்துவர் நினைத்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. அவர் தன் வாழ்க்கையையே இந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்தார். கருவில் இருந்து வரும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கு முக்கியக் காரணம் என்று 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அவரும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் எழுதினார்கள். கர்ப்பத்துக்கு முன்பு ரத்தத்தில் அது குறைவாக இருந்த பெண்களுக்கு, திடீரென்று கூடும்போது அவஸ்தை அதிகம். நடிப்பு இல்லை, செல்லம் இல்லை, ஹார்மோன். கர்ப்பிணி ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீரைக் கூட உள்ளே வைக்க முடியாமல், எடை குறைந்து, மூத்திரம் அடர்ந்த நிறத்தில் கொஞ்சமாகப் போனால் அது மசக்கை என்று விடுகிற விஷயம் இல்லை, குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய விஷயம்.

"அப்போ வயித்தப் பெரட்டுனா உடனே ஸ்கேனுக்கு ஓடணுமா?" இது என் தம்பி கேட்டது. இல்லை. கெட்டுப் போன சாப்பாடு, வைரஸ், பஸ் பயணம், ஒற்றைத் தலைவலி, புதிதாக ஆரம்பித்த இரும்புச் சத்து மாத்திரை, புதிதாக ஆரம்பித்த மெட்ஃபார்மின், நாளைக்கு இருக்கும் வைவா... இப்படி வந்து போகிற குமட்டல்தான் அதிகம். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொண்டு ஓரிரு நாள் பார்க்கலாம். மாத்திரைதான் காரணம் என்று சந்தேகம் வந்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

ஆனால் எண்ணுங்கள். காலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள், போதும். வாந்தி இரண்டு நாளைத் தாண்டினால் (குழந்தைகளும் வயசானவர்களும் அவ்வளவு கூடக் காத்திருக்க வேண்டாம்) டாக்டரைப் பாருங்கள். வாந்தி வராமல் வெறும் புரட்டலாக ஒரு வாரம் நீடித்தாலும், ஒரு மாதமாக விட்டு விட்டு வந்தாலும் பாருங்கள். அதோடு எடை குறைந்தால், கால் வீங்கினால், கண் மஞ்சளானால், சாப்பாடு தொண்டையில் சிக்கினால், காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி வந்தால் ஒரு வாரம் கூட வேண்டாம். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முக்கியம். அந்த மருந்துகள் கல்லீரலைத் தாக்கலாம், அதன் முதல் அறிகுறி பல நேரம் குமட்டலும் பசியின்மையும்தான். மருந்து கொடுக்கும் இடத்தில் அன்றைக்கே சொல்ல வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்கு இரைப்பையை இயக்கும் நரம்பே தளர்ந்து போய், காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வரைக்கும் அப்படியே கிடக்கலாம். அதற்கும் வைத்தியம் உண்டு.

கூடப் படிக்கும் சில பையன்களுக்கு மட்டும் ஒரு தகவல். வருஷக்கணக்கில் கஞ்சா அடிப்பவர்களுக்கு அடங்காத வாந்தி ஒன்று வரும், சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் கொஞ்சம் அடங்கும். 2004-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். நிறுத்துவதுதான் மருந்து. டாக்டரிடம் மறைக்காதீர்கள், அவர் உங்கள் அப்பா இல்லை.

இனி, யோசிக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரங்கள். குமட்டலோடு நெஞ்சு அழுத்தம், குளிர்ந்த வியர்வை, தோள், தாடை, முதுகுப் பக்கம் வலி. அது மாரடைப்பாக இருக்கலாம். பெண்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் புரட்டலும் வியர்வையும் களைப்புமாக வருவதுண்டு. 'கேஸ்' என்று சோடா குடித்து விட்டுப் படுத்தவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். வாந்தியில் ரத்தமோ காபித்தூள் மாதிரி கறுப்போ வந்தால், மலம் தார் மாதிரி போனால். சர்க்கரைக்காரர் வாந்தியோடு வேகமாக, ஆழமாக மூச்சு விட்டால். கடுமையான தலைவலியோடு கழுத்து விறைத்தால், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி வந்தால், பேச்சு குழறி நினைவு தடுமாறினால். வயலில் மருந்தடித்து விட்டு வந்தவருக்குக் குமட்டலும் எச்சில் வடிதலும் வியர்வையும் வந்தால் அது வெயில் இல்லை, பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டே வண்டியை வரச் சொல்லுங்கள்.

மேற்கு மலை அடிவாரத்துக்காரர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தியோடு எழுந்து, கண் இமை தானாகச் சொருகினால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். கடித்த தடம் கூடத் தெரியாது, வலியும் இருக்காது. பித்தம் என்று படுக்கப் போட்டால் மூச்சு நின்று விடும்.

டாக்டரிடம் போனால் "வயித்தப் பெரட்டுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நாளாக, சாப்பிடும் முன்னா பின்னா, எடை குறைந்ததா, மூத்திரம் எப்படி, மாதவிலக்கு எப்போது, இதெல்லாம் சொல்லுங்கள். போடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும், மெடிக்கலில் சும்மா வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெரியம்மாவின் பையை அந்த டாக்டர் கவிழ்த்த போது முதலில் விழுந்தது வலி மாத்திரை அட்டைகள்தான். சர்க்கரை பார்ப்பது, கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின், இதெல்லாம் பெரிய சோதனைகள் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷரும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சிறுநீரில் ஆல்புமின் வடிகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கும் திட்டம் 2023-ல் வந்தது. போகலாமா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு 104 என்ற எண் இருக்கிறது. இத்தனையும் இருந்தும், பெரியம்மாவுக்குக் கடைசியாக எப்போது கிட்னி சோதனை செய்தோம் என்றால், செய்யவே இல்லை.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆடியிலேயே கூட்டிப் போயிருந்தால் கிட்னி பிழைத்திருக்குமா என்று அந்த டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. அப்பவே ரொம்பக் கெட்டுப் போயிருக்கும். ஆனா அந்த வலி மாத்திரைய நிறுத்தியிருக்கலாம். கையில ரத்தக்குழாய முன்னாடியே இணைச்சு வச்சு நிதானமா ஆரம்பிச்சிருக்கலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு நுரையீரல்ல தண்ணி கோத்து, கழுத்துல ஓட்டை போட்டிருக்க வேண்டியதில்ல" என்றார். பிழைத்திருக்கும் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், பிழைத்திருக்காது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகி இருப்பேன். இரண்டையும் அவர் சொல்லவில்லை.

இப்போது பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு முறை, காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். தறியை மூடி வைத்திருக்கிறார்கள், கொடுக்க மனசு வரவில்லை. புரட்டல் மட்டும் இரண்டாவது வாரத்திலேயே போய் விட்டது. "பாத்தியா தாயி, பித்தம் தெளிஞ்சிருச்சு" என்றார் என்னிடம். கிண்டலா, நிஜமாகவே சொன்னாரா என்று தெரியவில்லை.

போன வாரம் தலைவலித் தைலம் வாங்க அதே மெடிக்கலுக்குப் போனேன். முன்னால் ஒரு அக்கா, "எங்க அத்தைக்கு வயித்தப் பெரட்டிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்று அதே அட்டையைக் கேட்டுக் கொண்டிருந்தார். "எத்தன நாளாக்கா?" என்றேன். அண்ணாச்சி என்னை முறைத்தார். அந்த அக்கா கொஞ்சம் யோசித்து, "வைகாசிப் பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு..." என்று இழுத்தார். அங்கேயே நின்று கால்மணி நேரம் பேசினோம். மறுநாள் காலையில் அத்தையைக் கூட்டிக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார். போனாரா என்று இந்த வெள்ளிக்கிழமை விசாரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பெரியம்மாவோடு போகிற முறை என்னுடையது.

செமஸ்டர் வருகிறது. அடுத்த கட்டுரை அதற்குப் பிறகுதான்.